ஐந்நூறாவது இதழில் இரண்டு வரி குறைந்தது

அழிக்க அழிக்க என் கையெழுத்து போகவில்லை.

அலுவலகப் பாத்ரூமில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தொடையில் ஒரு பழைய இதழை வைத்து, அதன்மேல் அந்தக் கடிதத்தை விரித்து, ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலில் எழுதியதுதான். ஆனால் எனக்கு அழுத்தி எழுதும் பழக்கம். கரி போனாலும் பள்ளம் நிற்கிறது. விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"ஏய் கொசு! உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? இன்னும் மூணு சாக்கு பாக்கி இருக்கு, வந்து கை குடு."

லேஅவுட் அக்கா. பக்கங்களைக் கணினியில் அடுக்குபவர். அவர் காதருகே எப்போதும் ரீங்காரம் செய்கிறேன் என்று எனக்குக் கொசு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"வயிறு சரியில்லக்கா."

"இன்னிக்குத்தானா உன் வயிறு சரியில்லாம போகணும்? அந்தப் பையனோட அம்மா முகத்தப் பாக்க முடியல. சீக்கிரம் வாடி."

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. நான் மறுபடி தேய்த்தேன்.

வெளியே பதின்மூன்று பேர் சாக்குகளைக் கவிழ்த்து ஒரே ஒரு கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் காணாமல் போயிருந்தான். அவன் எங்கே போயிருப்பான் என்பது அந்தக் கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதம் என் மடியில் இருந்தது.

இப்போது இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது. அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அம்மா கூடத்தில் விளக்கைப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா 'சாம்பல் பருந்து' காமிக்ஸின் ஆசிரியர். மாதம் ஓர் இதழ், நாற்பத்தொரு வருடம் எட்டு மாதம், ஒரு மாதமும் தவறியதில்லை. இந்த வியாழக்கிழமை ஐந்நூறாவது இதழ் கடைகளுக்குப் போனது. நூற்றெண்பது பக்கத்தில் ஆறு கதைகள், ஆறு ஓவியர்கள். முதல் கதை, முதல் இதழில் வந்ததன் மறுபதிப்பு: கோபுரத்தின் உச்சியிலிருந்து விழும் பையனைப் பருந்து பிடிக்கும் கதை. ஒன்றில் பருந்துக்கு வயதாகி முழங்கால் வலிக்கும். ஒன்றில் வசனமே கிடையாது. ஒன்று வில்லன் சொல்கிற மாதிரி போகும். ஆறு பேரும் ஆறு விதமாக அலகு வரைந்து, எது சரியான அலகு என்று மூன்று வாரம் சண்டை. ஐந்தாவது கதையின் ஓவியர் கடைசி எட்டுப் பக்கத்தைத் தராமல் இழுத்தடித்தார். அப்பா போனிலேயே சாப்பிட்டு, போனிலேயே தூங்கினார்.

படக்கதையைவிட எங்கள் வாசகர்கள் முதலில் புரட்டுவது கடிதப் பக்கத்தை. ஏனென்றால் அங்கே பதில் சொல்வது ஆசிரியர் கிடையாது, பருந்தே. கடிதம் போடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. பக்கத்தில் பெயர் வராது. 'குஞ்சு 3060 கேட்கிறது' என்று வரும். அதற்குக் கீழே பருந்தின் பதில், நான்கே வரி. அந்த நான்கு வரியை இத்தனை வருடமும் ஒருவர்தான் எழுதி வந்தார். நாங்கள் அவரைக் கடித மாமா என்று கூப்பிடுவோம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று விதிகளை எழுதி வைத்திருக்கிறார். 'இடம் சொல்லாதே. நாள் சொல்லாதே. முடியாது என்று சொல்லாதே.' பருந்து வானத்தில் இருப்பவன். எங்கே, எப்போது என்று சொல்லவும் கூடாது, வரமாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பக்கம் செத்துப்போகும் என்பார்.

சிறப்பிதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கடித மாமாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா ஒரு கையில் போனும் மறு கையில் கடிதக் கட்டுமாக என்னிடம் வந்தார்.

"மாமா எல்லாத்துக்கும் பதில் எழுதி வெச்சிட்டாராம். நீ டைப் மட்டும் பண்ணி அக்காகிட்ட குடு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் கட்டுக்குள் பன்னிரண்டு கடிதம் இருந்தது, பதில் ஒன்பதுக்குத்தான் இருந்தது.

அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் அப்போது ஐந்தாவது ஓவியரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதுவும் சாக்குதான். உண்மை என்னவென்றால், எனக்கு ஆசை. எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த நான்கு வரிகளை நான் எழுத வேண்டும் என்று ஆசை. மூன்று கடிதங்களுக்கும் நானே எழுதினேன். மாமா எழுதின மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது கடிதம் குஞ்சு 8114 உடையது. கோடு போட்ட நோட்டுத் தாள். அதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

'பருந்து அண்ணா, எங்க வீட்ல ஆறு மணிக்கு மேல என்னால இருக்க முடியல. ஏன்னு எழுத மாட்டேன். உயரத்துல நிக்கிறவங்கதான் உன் கண்ணுக்குத் தெரிவாங்கன்னு எட்டாவது இதழ்ல இருந்துச்சு. மூடிப்போன மாவு மில்லு தண்ணித் தொட்டி மேல நாலு தடவ ஏறி நின்னேன். நீ பாக்கல. கைய ஆட்டணுமா, சும்மா நிக்கணுமா?'

எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கடைசிக் கேள்விதான். மற்றதை நான் சரியாகப் படிக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. ஓரத்திலேயே பென்சிலால் பதிலை எழுதிப் பார்த்தேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். 'கையை ஆட்டத் தேவையில்லை. நின்றால் போதும்.' இடம் சொல்லக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது. அதனால் அச்சில் அவன் கேள்வியிலிருந்து மாவு மில் தொட்டியை எடுத்துவிட்டு, 'ஓர் உயரமான இடத்தில்' என்று மாற்றினேன். விதியை மதித்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

லேஅவுட் அக்கா பக்கத்தைக் கட்டி முடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"கடைசிப் பதிலுக்குக் கீழ ரெண்டு வரி பொக்கையா நிக்குதே. மாமா ஏன் இதுக்கு மட்டும் ரெண்டு வரியோட நிறுத்திட்டாரு? வேற தாள்ல இருக்கா பாரு."

"இருக்குக்கா. சொல்றேன், அடிச்சுக்கோங்க."

அவர் விரல்கள் காத்திருந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரையில் அந்தப் பக்கத்தின் அடியில் வாசகர் சந்திப்பு விளம்பரம் இருந்தது. 'ஞாயிறு மாலை ஆறு மணிக்கு.' கண்ணில் பட்டதை வாய் சொல்லிவிட்டது.

"ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, நீ எழுதியிருக்கும் அதே இடத்தில் நில். நான் வருவேன்."

"அட, கச்சிதமா உக்காந்திருச்சு" என்றார் அக்கா. "மாமாவுக்கு ஆஸ்பத்திரியில படுத்தாலும் வரிக்கணக்கு தப்பாது."

அவ்வளவுதான் நடந்தது. பக்கம் நூற்று நாற்பத்திரண்டு. பொக்கை அடைபட்டது. அச்சுக்குப் போனது. கடிதக் கட்டைச் சாக்கில் போடும்போது 8114-ஐ மட்டும் எடுத்து என் பென்சில் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். நான் முதன்முதலாக எழுதியது அல்லவா!

ஞாயிறு வந்தது. மாலை ஆறு மணிக்கு அலுவலகக் கூடத்தில் வாசகர் சந்திப்பு. ஆறு ஓவியர்களும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வரிசை வாசலைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, தெருவில் நின்றது. வழுக்கைத் தலை ஆசாமிகள் எல்லாம் குழந்தை மாதிரி நெளிந்துகொண்டு நின்றார்கள். கடைத் திறப்பு விழாக்களில் வேஷம் போடும் ஓர் அண்ணனை அப்பா பருந்து வேஷத்தில் வரவழைத்திருந்தார். ஆள் உயரச் சிறகு, சாம்பல் நிற உடுப்பு, அட்டை அலகு. அலகு தடுத்ததால் அவருக்கு டீ குடிக்க முடியவில்லை.

"யாராச்சும் ஒரு ஸ்ட்ரா குடுங்கப்பா. பறக்கத்தான் தெரியாது, குடிக்கவுமா கூடாது?" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆறரைக்கு அப்பா மைக்கைப் பிடித்தார். கடித மாமாவைப் பற்றிப் பேசினார்.

"ஐநூறு இதழ். அந்தப் பக்கத்துல ஒரு வரிகூட இன்னொரு கை பட்டதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கும் எழுதி வெச்சிட்டுத்தான் போனார் மனுஷன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏழு பத்துக்கு அந்த அம்மா வந்தார். வரிசையில் நிற்காமல் இடித்துக்கொண்டு முன்னால் வந்ததால் யாரோ, "ஏம்மா, எங்களுக்கெல்லாம் கால் வலிக்காதா?" என்று சத்தம் போட்டார். அவர் காதில் விழவில்லை. கையில் சிறப்பிதழ். விரலை ஒரு பக்கத்துக்குள் விட்டுப் பிடித்திருந்தார். ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறொரு செருப்பு.

"ஆசிரியர் யாருங்க? இதுல எந்த இடம்னு போடலையே. எந்த இடம்னு சொல்லுங்க."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார்கள். மகன் ஐந்து மணிக்கு வெளியே போனவன் வரவில்லை. எங்கே என்று தெருவில் தேடியபோது அவன் கூட்டாளி பயந்துகொண்டே இந்தப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறான். 'அவன்தான் ஆன்ட்டி 8114. டார்ச்சு, வாட்ச்சு எல்லாம் எடுத்துட்டுப் போனான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். எந்த இடம்னு என்கிட்டயும் சொல்லல.'

"உயரமான இடம்னு போட்டிருக்கு. எங்க வீட்டச் சுத்தி நாலாப்பக்கமும் உயரமாத்தான் இருக்கு. எங்கன்னு போய்த் தேடுவேன்?"

லேஅவுட் அக்கா குனிந்து மெதுவாகக் கேட்டார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?"

அந்த அம்மா தன் இரண்டு செருப்புகளையும் பார்த்தார். "ஆறு மணி, அவர் வேலை முடிஞ்சு வர்ற நேரம்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"நாள் போட்டிருக்காரே. மாமா எப்படி நாள் போட்டார்?" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீதானே டைப் பண்ணின? அந்தப் பையன் எந்த இடம்னு எழுதியிருந்தான்? ஞாபகம் இருக்கா?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். டைப் செய்தவள் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். 'மாவு மில் தொட்டிப்பா' என்று சொல்லியிருந்தால் யாரும் ஏன், எப்படி என்று கேட்டிருக்கமாட்டார்கள். ஓடியிருப்பார்கள். அது எனக்கு அந்த நொடியில் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் மைக்கில் அப்பா சொன்னது, கைதட்டல், பென்சில் பெட்டி. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இல்லப்பா. ஞாபகம் இல்ல."

சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கடித மாமாவுக்குப் போன் போட்டார்கள். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம், காலை வரை எழுப்பக் கூடாது என்றது ஆஸ்பத்திரி. அப்பா போலீசுக்குச் சொன்னார். ஊரில் எத்தனை உயரமான இடம் இருக்கிறது தெரியுமா சார் என்று அவர்கள் கேட்டார்களாம்.

"கடிதம் இங்கதான் இருக்கு. எதையும் தூக்கிப் போடுறதில்ல" என்று அப்பா ஸ்டோர் ரூமைத் திறந்தார்.

சிறப்பிதழுக்கு வந்த கடிதங்கள் ஆயிரத்து நானூறு. ஏழு சாக்கு. கூடத்தின் நடுவில் கவிழ்த்தார்கள். ஆறு ஓவியர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். அலகுக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே குவியலில் தலை முட்டத் தேடினார்கள். பருந்து வேஷக்காரர் சிறகு இடித்து இடித்துத் தானே பின்னால் போய் நின்றுகொண்டு, எண்களை உரக்கப் படித்தார். "ஏழாயிரத்து அஞ்சு. இல்ல. எட்டாயிரத்து நூத்தி... இல்ல, பதிமூணு." பதிமூணு என்றபோது அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நானும் தேடினேன். மண்டியிட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இல்லை என்று தலையாட்டினேன். தோளில் பை, பைக்குள் பெட்டி, பெட்டிக்குள் அது. குவியலுக்குள் மெதுவாகச் செருகி, நானே கண்டெடுத்த மாதிரி தூக்கிக் காட்டிவிடலாம் என்று யோசித்தேன். கையைப் பைக்குள் விட்டும்விட்டேன். அப்போதுதான் ஓரத்துப் பென்சில் எழுத்து ஞாபகம் வந்தது. என் கையெழுத்தை அப்பா தூக்கத்தில் பார்த்தாலும் கண்டுபிடிப்பார்.

அதனால்தான் பாத்ரூமுக்குப் போனேன். அப்போது ஏழு முப்பத்தைந்து.

பள்ளம் போகவில்லை என்றேன் அல்லவா. தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓரத்தைக் கிழித்துவிடலாம் என்றால் அவனுடைய வரிகள் ஓரம்வரை ஓடியிருந்தன. மில்லு என்ற சொல்லின் கடைசி எழுத்து என் பென்சில் மேலேயே கிடந்தது. அதைக் கிழிக்கக் கூடாது, இதை விடக் கூடாது என்று நகத்தால் மடித்து, எச்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன். பரீட்சையில்கூட நான் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. கிழித்ததைக் கழிப்பறைத் தண்ணீரில் விட்டேன். ஒருமுறை ஃபிளஷை இழுத்தும் போகாமல் மேலே வந்தது. தொட்டி நிறையும்வரை நின்றேன். இரண்டாவது முறை போனது.

வெளியே வந்தபோது எட்டு பத்து. கடைசிச் சாக்கில் கை விட்டேன். எட்டு பதினேழுக்கு, "அப்பா!" என்று கத்தினேன். கத்தல் மட்டும் நடிப்பில்லை.

"மாவு மில்லு!" என்று யாரோ கத்த, எல்லோரும் எழுந்தார்கள். அது ஊரின் மறு கோடி. அப்பா போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே படியிறங்கினார். பருந்து வேஷக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"சார், நானும் வர்றேன். பையன் பயந்துபோய் இருப்பான். என்னப் பாத்தா இறங்கி வருவான்."

"அந்தச் சிறகோட கார்ல எப்படிய்யா ஏறுவ?"

"மடக்கிக்குவேன் சார்."

மடங்கவில்லை. ஒரு சிறகு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கார் போனது. யாரும் சிரிக்கவில்லை.

கூடத்தில் நாங்கள் மிச்சமிருந்தோம். தரை முழுக்கக் கடிதங்கள். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"நீதாம்மா கண்டுபிடிச்ச. வயிறு சரியில்லன்னு சொன்னாங்க, அதோட வந்து தேடினியே. உனக்கு ஒரு குறையும் வராது."

என்னால் கையை உருவ முடியவில்லை. லேஅவுட் அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குனிந்தவர் என் மடியையே பார்த்தார். ரப்பர் தூள், கறுப்புக் கறுப்பாக, திரி திரியாக. கையால் மெல்லத் தட்டிவிட்டார், கீழே விழுந்த தூளைச் செருப்பால் மேசைக்கு அடியில் தள்ளினார். அதன்பிறகு என்னைக் கொசு என்று கூப்பிடவே இல்லை.

ஒன்பது இருபதுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. எட்டு ஐம்பதுக்கே இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்ததில் தொட்டிமேல் யாரும் தெரியவில்லை. ஏணி துருப்பிடித்துப் பாதிப் படிகள் இல்லாததால் அவர்கள் ஏறவில்லை. பிறகு போன கார் நின்றதும் வேஷக்காரர்தான் சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டு, அலகை மட்டும் மாட்டிக்கொண்டு, "டேய் தம்பி, வந்துட்டேண்டா" என்று கத்திக்கொண்டே ஏறினாராம். மேலே ஒரு சிறப்பிதழும் ஒரு செருப்பும் இருந்தன. பையன் இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் இல்லை, காய்ந்து கிடக்கிறது, உள்ளேயும் இல்லை. கீழே சுற்றிலும் புதர். விழுந்த தடமும் இல்லை.

அந்த அம்மா போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செருப்பு எந்தக் காலு?" என்று கேட்டார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் என் கையை விட்டார்.

என்னையும், சந்திப்புக்கு வந்திருந்த எங்கள் அம்மாவையும் வீட்டுக்கு அனுப்பும்போது மணி பதினொன்று. வேஷக்காரர்தான் எங்களை டாக்ஸியில் கொண்டுவந்து விட்டார். முழங்கை சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. போலீஸ் புத்தகத்தை வாங்கிக்கொள்வதற்கு முன் அவர் போனில் ஒரு படம் எடுத்திருந்தார். எங்கள் அம்மா முன்சீட்டில் இருந்தாள். அவர் என்னிடம் மட்டும் காட்டினார்.

"பாப்பா, கடிதப் பக்கமெல்லாம் உனக்குப் பழக்கமாச்சே. இதுக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்கா பாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல."

பக்கம் நூற்று நாற்பத்திரண்டு. என்னுடைய நான்கு வரிக்குக் கீழே, விளம்பரத்துக்கு மேலே, இருந்த வெள்ளை இடத்திலெல்லாம் பேனாவால் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான்.

'5.50 ஏறிட்டேன்.'

'6.00 நிக்கிறேன். கைய ஆட்டல.'

'6.25 ஒரு பருந்து போச்சு. நெஜப் பருந்து.'

'7.00 இருட்டிருச்சு. உனக்கு இருட்டுலயும் கண் தெரியும்னு 212-ல இருக்கு. டார்ச்ச அணைச்சு அணைச்சுப் போடறேன்.'

'7.40 கால் வலிக்குது. உக்காந்தா பரவால்லயா?'

'8.10 இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன்.'

ஏழு நாற்பதுக்கு நான் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எட்டு பத்துக்குத் தண்ணீரை இரண்டாவது முறை இழுத்தேன். ஏழு இருபதுக்கு அப்பா கேட்டபோது சொல்லியிருந்தால், அந்த இரண்டு போலீஸ்காரர்கள் எட்டு மணிக்கு முன்பே அங்கே நின்றிருப்பார்கள். டார்ச் அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருப்பார்கள். படுத்தால் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. எப்படிப் போட்டாலும் விடை மாறவில்லை.

அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி. மற்றதைவிட அவசரமாக, கோணலாக இருந்தது. 'ஞாயிறு மாலை ஆறு மணிக்கு' என்ற விளம்பர எழுத்தின் மேலேயே ஏறியிருந்தது.

'8.38 யாரோ ஏணியில ஏறி வர்றாங்க. நீதானா?'

மில்லுக்குக் காவலாள் கிடையாது என்கிறார்கள். அவன் அப்பா எட்டரைக்கு வீட்டில் இருந்தாரா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். போலீஸ் அப்போது கிளம்பவே இல்லை. இந்தப் பக்கம் நாற்பதாயிரம் பிரதி அச்சாகி, வியாழக்கிழமையே எல்லாக் கடைக்கும் போய்விட்டது. தனியாக, உயரத்தில், ஞாயிறு ஆறு மணிக்கு ஒரு குழந்தை நிற்கும் என்று அதில் போட்டிருக்கிறது. போட்டது நான்.

கூடத்தில் அம்மா எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள். கார் சத்தம் ஒன்று கேட்டது, எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அப்பா வந்ததும் சொல்லிவிடலாம் என்று பதினோரு மணியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கோணல் எழுத்துதான் வருகிறது. அவன் கேட்டது பருந்திடம். அந்தப் பக்கத்தில் பருந்து நான்தான். பதில் எழுத வேண்டியவள் நான்தான்.

ஏறி வந்தது யார்?